கியாந்திக்கும் வத்தக்குழம்புக்கும் பொருத்தம் பார்த்தல்

இத்தாலியச் சிவப்பு ஒயினுக்கு எது பொருத்தமான உணவு என்று கேட்டால், ஐரோப்பிய நூல்கள் மூன்று பதில்களை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன: சுட்ட மாட்டிறைச்சி, முதிர்ந்த பாலாடைக்கட்டி, தக்காளிச் சாறு ஊற்றிய பாஸ்தா. முதல் இரண்டையும் மயிலாப்பூரில் வைத்துப் பேசுவதில் பயனில்லை. மூன்றாவதைப் பரிசீலிக்கலாம். தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது 16ஆம் நூற்றாண்டில். இத்தாலியர்கள் அதை நம்பிச் சமைக்க இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். ஒயின் அதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷமாவது மூத்தது. வயதுப் பொருத்தமே இடிக்கிறது.

முறைப்படி ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால், இந்த வரனுக்கு விதிக்கப்பட்ட இடம் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளும் அவற்றை அடுத்த சந்துகளும்தான் என்பது தெரியவரும். அதை நிறுவுவதே இச்சிறு நூலின் நோக்கம்.

முதலில் பூர்வீகம். தாலமி 2ஆம் நூற்றாண்டில் எழுதிய புவியியல் நூலில் மலியார்பா என்றொரு வணிகத் துறை வருகிறது. அது மயிலாப்பூர்தான் என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் முடிவு. மயிலாப்பூர்க்காரர்களில் அனைவரின் முடிவு. அங்கே என்ன சரக்கு இறங்கியது என்று தோண்டிப் பார்க்க வழியில்லை, மேலே அடுக்குமாடிகள். ஆனால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ஒயின் கொண்டுவந்த ஆம்ஃபோரா ஜாடிகளின் ஓடுகள் வந்தன. நேப்பிள்ஸ் நகரைச் சுற்றியுள்ள காம்பானியாவின் ஜாடியும் உண்டு, கிரேக்கத்தின் கோஸ் தீவு ஜாடியும் உண்டு. கோஸ் தீவுக்காரர்கள் ஒயினில் கடல் தண்ணீரைக் கலப்பது வழக்கம். சரக்கில் தண்ணீர் கலக்கிறார்கள் என்ற நம் சந்தேகத்துக்கு இரண்டாயிரம் வருஷப் பின்னணி இருக்கிறது.

முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், பரூச் துறைமுகத்தில் இறக்கும் ஒயின்களில் இத்தாலியச் சரக்குக்கே மதிப்பு என்கிறது. முசிறிக்கு வரும்போது, ஒயின் உண்டு, ஆனால் அதிகமில்லை என்கிறது. குஜராத்துக்குக் கூடுதலாகவும் தெற்குக்குக் குறைவாகவும் ஒதுக்கீடு செய்யும் பழக்கத்துக்கு இதைவிடப் பழைய ஆவணம் என் கண்ணில் படவில்லை.

வந்த கொஞ்சத்தையும் தமிழர்கள் வீணாக்கவில்லை. புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் வளையணிந்த பெண்கள் ஏந்திக் கொடுக்க, அவன் தினமும் குடித்து மகிழ்ந்திருக்கட்டும் என்கிறார். அந்தத் தேறலுக்கு அவர் தரும் அடைமொழிகள் இரண்டே: குளிர்ச்சியானது, மணமுள்ளது. பரிமாறும் வெப்பநிலையும் மூக்குக்கு எட்டுவதும் அதில் அடங்கிவிட்டன. இன்றைய ஒயின் விமர்சகர் இதையே ஈரமான சருகு, பழைய தோல் நாற்காலி, மழைக்குப் பிந்தைய காளான் என்று அரைப் பக்கத்துக்கு இழுப்பார். தொட்டுக்கொள்ள என்ன வைத்தார்கள் என்று மட்டும் நக்கீரர் சொல்லாமல் விட்டுவிட்டார். புலவர் மரபில் இது பெரிய நஷ்டம்.

மணத்தைப் பற்றி நக்கீரர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையாகவே மணம் உண்டா, பூவும் அகிலும் ஏற்றுவதால் வருகிறதா என்று கடவுளிடமே வழக்காடியவர் அவர் என்பது திருவிளையாடல். ஒயின் படிப்பு தருகிற கல்லூரிகளில் முதல் பாடமே இந்த வழக்குதான். திராட்சையில் பிறந்த மணம் எது, ஓக் மரப் பீப்பாயில் ஏற்றிய மணம் எது என்று பிரிக்கச் சொல்கிறார்கள். நக்கீரரின் கட்சி பீப்பாய்க் கட்சி.

குளிர்ச்சிக்கு வருவோம். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாறு என்பார்கள். அந்த அறை ஐரோப்பாவின் கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் கச்சேரி ரோட்டு வீட்டு ஹாலில் வைத்தால் ஒயின் கஷாயமாகிவிடும். ஃப்ரிட்ஜ்தான் கதி. அங்கே இட்லி மாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கலாம், குடும்பப் பிரச்சினை எதுவும் வராது. இட்லி மாவைப் பொங்க வைக்கும் முக்கியமான நுண்ணுயிர் லியூகோனாஸ்டாக் இனம். சிவப்பு ஒயினின் கூர்மையான மாலிக் அமிலத்தைச் சாதுவான லாக்டிக் அமிலமாக மாற்றும் நுண்ணுயிரும் அதே லியூகோனாஸ்டாக் குடும்பத்தில்தான் வெகுகாலம் இருந்தது. 1995இல்தான் அதற்கு ஈனோகாக்கஸ் என்று பெயர் சூட்டித் தனிக்குடித்தனம் வைத்தார்கள். ஆக, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் நடப்பது பங்காளிகள் சந்திப்பு. பரிமாறுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து வைத்தால் போதும்.

சீசா வீட்டுக்கு வந்து சேரும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 நவம்பர் முதல் அரசின் டாஸ்மாக் வசம். கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. ஆனாலும் மயிலாப்பூரின் இத்தாலியச் சீசாக்களில் கணிசமானவை நியூஜெர்சியிலிருந்து துண்டில் சுற்றி, பாதாம் பருப்புப் பைக்கும் வைட்டமின் மாத்திரைக்கும் நடுவில் படுத்து வருபவை. விமானப் பயணிக்குச் சுங்கத்தில் இரண்டு லிட்டர் சலுகை. 750 மில்லி சீசா இரண்டு போக அரை லிட்டர் உரிமை ஒவ்வொரு பயணத்திலும் வீணாகிறது. இதைப் பற்றி யாரும் பாராளுமன்றத்தில் கேள்வி எழுப்பியதாகத் தெரியவில்லை.

இனிச் சுவைக்கும் முறை. கண்ணாடிக் கிண்ணத்தை வெள்ளைப் பின்னணியில் சாய்த்து நிறம் பார், மூக்கை உள்ளே விட்டு முகர், ஒரு வாய் எடுத்துச் சுழற்று, பிறகு துப்பு. இந்த நான்கில் முதலாவதுக்கு மயிலாப்பூரில் வசதி அபாரம். சலவை செய்த எட்டு முழ வேட்டியைவிடச் சிறந்த பின்னணி டஸ்கனியில் கிடையாது. ஆனால் சிந்தக்கூடாது. ஒயினின் சிவப்பு நிறமி அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் நீலமாகவும் தெரியும் ரகம். சோப்பு பட்டதும் கறை சாயம் மாறி நீலம் பாரிக்கும். மசி கொட்டிவிட்டது என்று சமாளிக்கலாம், வீட்டில் யாராவது இன்னும் மசிப் பேனா வைத்திருந்தால்.

மற்ற மூன்றிலும் சிக்கல் இருக்கிறது. டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துப் பழகிய குடும்பங்களில் ஒயின் தொண்டைக்குப் போகிறது, மூக்கு அதைச் சந்திப்பதே இல்லை. மூக்கை விட்டு முகர்ந்த டம்ளர் எச்சிலா இல்லையா என்பதில் பெரியவர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. வாயில் வைத்துச் சுழற்றியதை எல்லோருக்கும் பொதுவான பாத்திரத்தில் துப்பும் ஐரோப்பிய வழக்கத்தைப் பற்றி அறிந்த ஒரு பாட்டி, அவர்கள் குளிர்தேசத்தவர்கள், போகட்டும் என்றார்.

லஸ் பக்கத்து அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் மாடியில் இதைக் கிட்ட இருந்து பார்க்க வாய்த்தது. மாப்பிள்ளை கொண்டுவந்த சீசா கியாந்தி கிளாசிகோ. கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை. பிளாரன்ஸும் சியன்னாவும் எல்லைக்குச் சண்டையிட்டபோது, சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் குதிரைவீரர்கள் புறப்படுவது, சந்திக்குமிடம் எல்லை என்று ஒப்புக்கொண்டார்களாம். பிளாரன்ஸ்காரர்கள் தங்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டதால் அது விடியுமுன்னே கூவிவிட்டது; பெரும்பங்கு நிலம் அவர்களுக்குப் போனது. இந்தக் கதையை மாப்பிள்ளை சொல்லி முடிக்குமுன் சமையலறையிலிருந்து மாமி கேட்டார்:

“அதுல கோழி கீழி போட்டிருக்காளா?”

“இல்லம்மா, படம்தான்.”

இந்தக் கேள்வி பாமரத்தனமானதென்று ஒதுக்கக்கூடாது. சிவப்பு ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது பழைய முறை. வண்டலோடு அது அடியில் தங்கிவிடும். மிச்சமிருக்க வாய்ப்பிருந்தால் சீசாவில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் விதி கொண்டுவந்தது. மாமிக்கு விதி தெரியாது, கேள்வி தெரிந்திருந்தது.

மாமா கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீசாவைத் திறந்ததும் ஒயின் சற்றுக் காற்றுப்பட வேண்டும், அதற்கு டிகாண்டர் என்றொரு கண்ணாடிக் குடுவை வேண்டும் என்று மாப்பிள்ளை விளக்கினார். மாமா எழுந்து போய் டபரா டம்ளரோடு வந்தார். ஒரு முழ உயரத்திலிருந்து, சொட்டுச் சிந்தாமல், நுரை பொங்க நான்கு தரம் ஆற்றினார். இத்தாலியில் இதற்கு இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார்கள்.

“மாப்ளே, இது புளிச்சுப் போயிடுத்தோ?”

“இல்ல மாமா, அது அப்படித்தான் இருக்கும்.”

“அப்படின்னா நன்னாத்தான் இருக்கு. நாக்கைப் பிடிக்கறது பாருங்கோ, களிப்பாக்கு மாதிரி.”

இதைவிடத் துல்லியமான குறிப்பை நான் ஒயின் இதழ்களில் படித்ததில்லை. நாக்கைப் பிடிப்பது டானின். அதைச் சுவையென்றே ஐரோப்பியர் ஒப்புக்கொள்வதில்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, ஜப்பானியர் சேர்த்த உமாமி என்று ஐந்தோடு கடையைச் சாத்துகிறார்கள். நம் அறுசுவையில் துவர்ப்புக்கு ஆதி முதலே தனி இருக்கை. நாவல்பழம், வாழைப்பூ, பாக்கு என்று குழந்தையிலிருந்தே பயிற்சி. ஒயின் மாணவன் இரண்டாம் வருஷத்தில் கற்பதை நம் வீட்டுப் பையன் பூணூல் கல்யாணத் தாம்பூலத் தட்டில் திருடியே கற்றுவிடுகிறான்.

கோட்பாட்டை ஆழமாகக் கற்க விரும்புவோர் அடையாறு வரை போனால் போதும். சர்தார் படேல் சாலையில் 1948 முதல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டானின் என்பது தோல் பதனிடும் பொருள். மதராஸ் பதனீட்டாளர்கள் ஆவாரம்பட்டையிலிருந்து எடுத்தார்கள். அது தோலிலுள்ள கொலாஜன் புரதத்தைப் பிடித்துக் கெட்டியாக்குகிறது. வாய்க்குள் போனால் எச்சிலிலுள்ள புரதங்களைப் பிடிக்கிறது. வழவழப்புப் போய் நாக்கு வறள்கிறது. ஆகவே ஒயின் சுவைப்பது என்பது நாக்கை லேசாகப் பதனிடுவது. டஸ்கனிக்காரர்கள் இரண்டு தொழிலையும் செய்கிறார்கள். ஆர்னோ ஆற்றங்கரையில் இன்றும் மரப்பட்டையால் தோல் பதனிடும் ஊர்கள் உண்டு. எச்சிலுக்குப் பதில் வேறு புரதம் கொடுத்தால் டானின் அதைப் பிடித்துக்கொண்டு நாக்கை விட்டுவிடும். அவர்கள் இறைச்சி கொடுக்கிறார்கள். இங்கே பருப்புசிலி கொடுக்கலாம்.

இப்போது முக்கியப் பொருத்தம்: புளி. உலகப் பழங்களில் பெரும்பாலானவை சிட்ரிக் அமிலத்தாலோ மாலிக் அமிலத்தாலோ புளிப்பவை. டார்டாரிக் அமிலத்தால் புளிப்பவை அபூர்வம். திராட்சை ஒன்று, புளியம்பழம் இன்னொன்று. ஒயின் சீசாவின் தக்கையில் சில சமயம் பளபளவென்று ஒட்டியிருக்கும் படிகங்கள் இதன் உப்புதான். கண்ணாடித்தூள் என்று பயப்பட வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வத்தக்குழம்புக்கு எலுமிச்சங்காய் அளவு புளி என்பது மயிலாப்பூர்ச் சமையல் நூல்களின் அளவை. நார், கொட்டை போகச் சுமார் 25 கிராம். புளியின் சதையில் டார்டாரிக் அமிலம் 8 முதல் 18 சதவீதம். நடுவாக 12 என்று வைத்தால் 3 கிராம். குழம்பு கொதித்து வற்றி அரை லிட்டர் நின்றால், லிட்டருக்கு 6 கிராம். கியாந்தியின் மொத்தப் புளிப்பு லிட்டருக்கு 5 முதல் 7 கிராம். இரண்டும் ஒரே அமிலம், ஒரே அடர்த்தி. உணவைவிட ஒயின் புளிப்பில் குறைந்தால் தட்டையாகிப் போகும் என்பது ஒயின் சாஸ்திரம், இங்கே சமநிலை. குழம்பைச் சாதத்தில் விட்டுப் பிசைந்ததும் குழம்பின் கை சற்றுத் தாழ்ந்து ஒயின் எழுந்து நிற்கிறது. மேலே நல்லெண்ணெய், பக்கத்தில் சுட்ட அப்பளத்தின் உப்பு. சுண்டைக்காய் வத்தலின் கசப்பு மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மணத்தக்காளிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பும் இதே காரணத்தால் தேறும். புளிப்பு அதிகமும் துவர்ப்பு குறைவுமான பியட்மாண்டின் பார்பெரா அதற்குக் கியாந்தியைவிட மேல். ரசம் தேறாது. குடிக்கும் பொருளுக்குக் குடிக்கும் பொருள் தொட்டுக்கொள்ள முடியாது. மோர்க்குழம்பு, அவியல் இரண்டையும் நான் முயலவில்லை, முயன்றவர்களோடு பேசவும் விரும்பவில்லை. பஜ்ஜிக்கு மொடேனாப் பக்கத்து லாம்ப்ருஸ்கோ. நுரைக்கும் சிவப்பு, எண்ணெயை அறுக்கும்.

பெருங்காயம் ஒயினின் மணத்தைக் கொன்றுவிடாதா என்று கேட்பவர்கள் ரோமானியச் சமையலை அறியாதவர்கள். ரோமானியர் உயிராகக் கருதிய சில்ஃபியம் என்ற மூலிகை நீரோ காலத்துக்குள் கிட்டத்தட்ட அழிந்துவிட்டது. பதிலாகப் பாரசீகப் பக்கத்திலிருந்து பெருங்காயத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அபிசியஸ் பெயரால் வழங்கும் சமையல் நூலைப் புரட்டினால் நம் மலையாளக் கரையிலிருந்து போன மிளகு இல்லாத பக்கம் அரிது. பெருங்காயம், கொத்துமல்லி, சீரகம், வினிகர் எல்லாம் வருகின்றன. பெருங்காயத்தைச் சிக்கனப்படுத்த அந்நூல் ஒரு வழி சொல்கிறது: பைன் கொட்டைகளோடு சேர்த்து ஜாடியில் மூடி வை, பெருங்காயத்தை விட்டுவிட்டு வாசனை ஏறிய கொட்டையை மட்டும் எடுத்துப் போடு. பெருங்காயம் இருந்த டப்பா என்று நாம் வசவாகச் சொல்வதை அவர்கள் சமையல் குறிப்பாக எழுதியிருக்கிறார்கள்.

மிளகு, சீரகம், பெருங்காயம், புளிப்பு. இது மிளகுக்குழம்பு. இத்தாலியர்கள் பிற்பாடு பெருங்காயத்தைக் கைவிட்டார்கள், தக்காளியோடு போனார்கள். ரோமானியர் ஒயினுக்குப் பக்கத்தில் வைத்த வாசனை இன்று ரோமாபுரியில் இல்லை; வடக்கு மாட வீதியில் பகல் பதினொன்றரைக்கு எந்த ஜன்னலிலிருந்தும் வரும். இதில் தட்டும் ஒரே பொருத்தம் மீன். ரோமானியர் எல்லாவற்றிலும் மீனை ஊறவைத்த சாற்றை விட்டார்கள். அதற்கும் நொச்சிக்குப்பம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது, ஆனால் அவசரப்பட வேண்டாம்: சிவப்பு ஒயினிலுள்ள இரும்பு மீனோடு சேர்ந்து கவிச்சியைக் கிளப்பும் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள்.

தி. நகருக்கு இந்த முடிவுகள் செல்லாது. பனகல் பார்க் பக்கத்து ஆந்திராச் சாப்பாட்டில் மிளகாய் ஆட்சி. நாக்கில் சூட்டை உணரும் ஏற்பி சுமார் 42 டிகிரியில் விழித்துக்கொள்ளும். மிளகாய் அதையே தட்டியெழுப்புகிறது. ஆல்கஹால் சேர்ந்தால் அது 34 டிகிரியிலேயே விழிக்கும் என்று 2002இல் நிரூபித்தார்கள். உடம்பின் சூடு 37. அதாவது சொந்த வாயே சுடும். வெரோனாப் பக்கத்து அமரோனே ஒயின் 15, 16 சதவீதம் வரை போகும் ஆசாமி. அதைப் பருப்புப்பொடி சாதத்தோடு பருகியவர் உஸ்மான் சாலைக் கூட்டத்தில் தனியாகத் தெரிவார்.

அமரோனேயை முழுக்க ஒதுக்க முடியாது, ஏனென்றால் அது திராட்சையைப் பறித்து மாதக்கணக்கில் உலர்த்திப் பிறகு ஊறவைப்பது. அதே உலர்ந்த திராட்சையைக் கஷாயம் வைத்து, வெல்லம் கூட்டி, மிளகு, திப்பிலி, ஏலம், லவங்கப்பட்டை போட்டு மூடி ஊறவைத்தால் அதற்குத் திராட்சாரிஷ்டம் என்று பெயர். 1905இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூரில் ஆயுர்வேத வைத்தியசாலை தொடங்கினார். 1944 முதல் இயங்கும் இம்காப்ஸ் கூட்டுறவு மருந்தகம் அடையாறு தாண்டித் திருவான்மியூரில் இருக்கிறது. அரிஷ்டத்தில் தானாக ஊறிய ஆல்கஹால் உண்டென்று சீசாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். லாம்ப்ருஸ்கோவுக்கு அது அதிகம் தாழ்ந்ததல்ல. 1948 முதல் 1971 வரை மதுவிலக்கு அமலில் இருந்தபோதும் அது மருந்துதான்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். திருவள்ளுவர் பிறந்த ஊர் மயிலாப்பூர் என்பது வழக்கு, கோயிலும் உண்டு. 93ஆம் அதிகாரம் முழுக்கக் கள்ளுக்கு எதிர்ப்பு. ஆனால் 1090ஆம் குறளில், கண்ட மாத்திரத்தில் மகிழ்ச்சி தரும் காதல்போல் மது தராது, உண்டவருக்குத்தான் தரும் என்கிறார். உண்டால் தரும் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. பரிமேலழகரை வைத்துக்கொண்டு வாதாட நான் தயாரில்லை.

தை 2ஆம் தேதி திருவள்ளுவர் தினம், மதுக்கடைகளுக்கு விடுமுறை. நாட்டு மருந்துக் கடைகளுக்கு அந்த விதி கிடையாது. அரிஷ்டத்தின் அளவு: சாப்பாட்டுக்குப் பின், மூடியால் இரண்டு, சம அளவு வெந்நீருடன். ரோமானியரும் வெந்நீர் கலந்தே குடித்தார்கள். கலக்காமல் குடிப்பவனை நாகரிகமில்லாதவன் என்றார்கள். மூன்றாவது மூடிக்கு அவர்களுடைய நூல்களில் தடை எதுவும் காணப்படவில்லை. மயிலாப்பூரில் உள்ளிருந்து குரல் வரும்.